கூடைக்குக் கீழே சவப்பெட்டியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு ஓவியர் மிலேயின் 'ஆஞ்சலஸ்' படத்தின் அச்சுப்பிரதி எங்கள் வீட்டில் இருக்கிறது. வயலில் ஒரு கணவனும் மனைவியும் தலைகுனிந்து நிற்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் சாவு வீட்டில் நிற்பது போலிருக்கிறது. அந்தக் கூடைக்குக் கீழே குழந்தையின் சவப்பெட்டி இருப்பதாக இணையத்தில் படித்தேன். உண்மையா, இல்லை இல்லாததை ஏற்றிப் பார்க்கிறோமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்களுக்குத் தோன்றியது வீண் கற்பனை அல்ல. ஆனால் அதற்குச் சவப்பெட்டி வேண்டியதில்லை.

படத்தின் வலது பக்கம், அடிவானத்தில், தேவாலயக் கோபுரம் ஒன்று சின்னதாகத் தெரிகிறதா பாருங்கள். அச்சு மங்கலாக இருந்தால் முதலில் மறைந்துபோவது அதுதான். கோபுரத்தை விரலால் மறைத்துப் பாருங்கள்: தலைகுனிந்த இருவரும் நடுவில் ஒரு கூடையும் மட்டும் மிஞ்சும், காட்சி அடக்கம் போலாகிவிடும். விரலை எடுத்தால் மணியோசை வந்துவிடுகிறது. 'ஆஞ்சலஸ்' என்பது நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் மூவேளை செபம் என்று சொல்லும் வேண்டுதல். அதற்கான மாலை மணி அது. கூடையில் உருளைக்கிழங்கு, ஆணின் அருகே மண்ணில் குத்திய கவைக்கோல், பெண்ணின் பின்னால் தள்ளுவண்டியில் சாக்குகள். பாதி வேலையில் நின்றிருக்கிறார்கள்.

சவப்பெட்டிக் கதை ஸ்பானிய ஓவியர் சால்வடோர் டாலியிடமிருந்து வந்தது. அவர் வற்புறுத்தி எடுக்கவைத்த எக்ஸ்ரேயில் கூடையருகே கருமையான ஒரு கட்ட வடிவம் தெரிந்தது. அது என்ன என்று யாரும் நிரூபிக்கவில்லை. எதுவாக இருந்தாலும் மிலே அதன்மேல் வண்ணம் பூசி மூடிவிட்டார். ஓவியர் வேண்டாமென்று மூடியதை முடிந்த படத்தின் குறியீடாக வாசிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

துக்கத்துக்கு மிலேயே தடம் தந்திருக்கிறார். 1865-ல் எழுதிய கடிதத்தில், மணி கேட்டதும் பாட்டி தங்களை வேலையை நிறுத்தவைத்து, இறந்துபோன எளியவர்களுக்காக வேண்டச் சொல்வாள் என்று நினைவுகூர்கிறார்.

அந்த உணர்வு நமக்கு எட்டும் விதம்தான் எனக்கு இன்னும் முக்கியம். 1857-ல் அவர் வரைந்த 'கதிர் பொறுக்கும் பெண்கள்' படத்தைப் பக்கத்தில் வையுங்கள். அதில் குனிந்த இரு பெண்களும் அடிவானக் கோட்டுக்குக் கீழேயே இருக்கிறார்கள். நிலம் அவர்களை அமுக்குகிறது. 'ஆஞ்சலஸி'ல் இருவரின் தலையும் அந்தக் கோட்டைத் தாண்டி வானத்தில் நிற்கிறது. அதனால்தான் 55.5 × 66 சென்டிமீட்டரே உள்ள துணியில் அவர்கள் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறார்கள். வெளிச்சம் கைகளையும் உடலின் வளைவையும் காட்டுகிறது. முகங்களை நிழலில் விட்டுவிடுகிறது. அழுகிறார்களா, அமைதியாக இருக்கிறார்களா என்பது நமக்குத் தெரியாது.

ஆகவே கைபேசியில் பார்க்கும்போது வெளிச்சத்தைக் கூட்டி முகத்தைத் தேடாதீர்கள். கூட்டினால் வானம் வெளிறிவிடும், தரையின் அடர்பழுப்பும் போய்விடும்.