வாங்கும் முன் கேளுங்கள்: பிக்கப்பைத் தூக்கப் போகிறீர்களா?

கேள்வி: புது ஹைலக்ஸ் பிக்கப் எடுத்து மூன்று மாதம் ஆகிறது. தோட்டம் மலைச்சரிவில். மழை பெய்தால் பாதையெல்லாம் பள்ளம், வண்டியின் அடி இடிக்கிறது. இரண்டு இன்ச் தூக்கினால் சரியாகிவிடும் என்கிறார் ஒர்க்‌ஷாப்காரர். ஐந்து வருடத்தில் விற்றுவிடுவேன், அப்போது பழையபடி மாற்ற முடியவேண்டும். எதை வாங்குவது?
– டுரியான் தோட்டக்காரர், பாலிக் பூலாவ்

பதில்: ஐயா, காசை எடுக்குமுன் குனிந்து அடியில் பாருங்கள். கீறல் எங்கே இருக்கிறது? பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃப்ரன்ஷியல் குண்டில் என்றால், சஸ்பென்ஷனை எத்தனை இன்ச் தூக்கினாலும் அது ஒரு நூல்கூட உயராது. அச்சு சக்கரத்தோடு இருப்பது; டயர் பெரிதானால்தான் அது மேலே போகும். முன் தகடு, சேசிஸ், பக்கப்படி ஆகியவை இடித்தால் மட்டுமே தூக்குவதில் பலன் உண்டு.

பலன் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். மலிவான வழி ஸ்பேசர். முன்னால் ஷாக் அப்சார்பரின் தலையில் ஒரு வட்டம், பின்னால் அச்சுக்கும் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு பிளாக், அதற்கேற்ற நீளமான யு-போல்ட். துளை, வெட்டு, வெல்டிங் எதுவும் கிடையாது. கழற்றினால் வண்டி பழையபடி. ஆனால் ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். நான்கு கூடை டுரியான் அதிகம் ஏற்றலாம் என்று நினைத்துவிடாதீர்கள். உயரம் கூடும், சுமைத் தாங்கும் சக்தி கூடாது.

உங்களுக்கு நான் சொல்வது அடுத்த வழி: முன் காயில், பின் லீஃப், நான்கு ஷாக், எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்றுவது. விலை பல மடங்கு. ஆனால் எல்லாம் கம்பெனி துளைகளிலேயே உட்காரும், திருப்பி மாற்றலாம். கடையில் "எத்தனை இன்ச்" என்று மட்டும் கேட்காதீர்கள். தினமும் ஏற்றும் சுமையைச் சொல்லி, அதற்கேற்ற ஸ்பிரிங்கைக் கேளுங்கள். கனமான ஸ்பிரிங்கைப் போட்டுக்கொண்டு காலி வண்டி ஓட்டினால் முதுகு பேசும்.

நான்கு, ஆறு இன்ச் என்று வரும் கிட்டில் முன் குறுக்குச் சட்டத்தை வெட்டிப் பிராக்கெட் வைப்பார்கள். கேபினைச் சேசிஸிலிருந்து உயர்த்தும் பாடி லிஃப்ட்டும் உண்டு. இரண்டையும் மறந்துவிடுங்கள்.

பொருத்திய அன்றே வீல் அலைன்மென்ட். 500 கிலோமீட்டர் ஓடியதும் யு-போல்ட்டை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். ஒருமுறை இறுக்கிய யு-போல்ட் நீண்டிருக்கும். பழையபடி மாற்றும் நாளில் புதிதாக வாங்குங்கள், சில்லறைக் காசுதான். முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, முன்னால் ரேடார் உள்ள வண்டி என்றால் அவற்றைத் திரும்பச் சரிபார்க்க வேண்டியிருக்கலாம், சர்வீஸ் சென்டரைக் கேளுங்கள். எந்த வாரண்டி போகும், எது நிற்கும் என்பதையும் அங்கேயே எழுத்தில் வாங்குங்கள். கம்பெனி தந்த அமைப்பை மாற்ற ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வேண்டும். இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லிவிடுங்கள், விபத்துக்குப் பிறகு அவராகக் கண்டுபிடித்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

கேள்வி: "இரண்டு இன்ச் லிஃப்ட்" என்று விற்ற முன் ஸ்பேசரை ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு இன்ச்தான் இருக்கிறது! எங்கே புகார் கொடுப்பது?
– ஏமாந்தவன், செந்தூல்

பதில்: நீங்கள் ஏமாறவில்லை, தம்பி. ஷாக்கின் அடி, சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையின் (லோவர் ஆர்ம்) நடுவாக்கில் பொருந்துகிறது. சக்கரமோ அதன் நுனியில். நடுவில் ஒரு இன்ச் நகர்ந்தால் நுனியில் ஏறக்குறைய இரண்டு இன்ச் நகரும். உண்மையில் இரண்டு இன்ச் தடிமனில் கொடுத்திருந்தால்தான் பயப்படவேண்டும்: வண்டி நான்கு இன்ச் எழும்பி, முன் சக்கர மூட்டுகளான சிவி ஜாயின்டும் பால் ஜாயின்டும் சீக்கிரமே கையை விரிக்கும்.

கேள்வி: பழைய ஷாக், ஸ்பிரிங் எல்லாவற்றையும் தானே வைத்துக்கொண்டு பில்லில் 200 வெள்ளி (ரிங்கிட்) கழிக்கிறேன் என்கிறார் ஃபோர்மேன். வீட்டில் வைக்க இடமில்லை. கொடுத்துவிடலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கூடாது. இதைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

புது வண்டியிலிருந்து கழற்றிய சாமான் குப்பை அல்ல. ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத ஒரிஜினல் ஷாக்குக்கும் லீஃபுக்கும் ஆள் காத்திருக்கிறது. மோதிய வண்டி வைத்திருப்பவர், பழைய மாடல் ஓட்டுபவர், நாளைக்கே உங்களைப் போல "பழையபடி மாற்று" என்று வந்து நிற்பவர், எல்லாரும் வாங்குவார்கள். 200 வெள்ளி கழித்து எடுத்துக்கொள்வதை அதற்கு மேல் நல்ல விலைக்கு விற்கலாம் என்று ஃபோர்மேனுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. கழிக்கக்கூடச் செய்யாமல், "தூக்கிப் போட்டாச்சு" என்று கையை உதறும் ஆள்களும் இருக்கிறார்கள். வண்டி யாருடையது? கழற்றிய சாமான் யாருடையது? இதைக் கேட்க நம் ஆள்களுக்கு ஏன் இவ்வளவு கூச்சமோ! மளிகைக் கடையில் பத்து சென் பாக்கி என்றால் நின்று வாங்குகிறோம். ஒர்க்‌ஷாப்பில் ஆயிரக்கணக்கில் விட்டுவிட்டு, "தேங்ஸ் போஸ்" என்று சொல்லி வருகிறோம்.

திருப்பி மாற்றலாம் என்ற வார்த்தைக்கு அர்த்தமே அந்தப் பழைய சாமான்தான். விற்றுப் பெயர் மாற்றும்போது வண்டி பி5 என்ற உரிமை மாற்றச் சோதனைக்குப் போகும். அன்றைக்கு ஒரிஜினல் செட் கையில் இல்லை என்றால் புதிதாக வாங்கிப் போடவேண்டும், லிஃப்ட்டுக்குக் கொடுத்ததைவிட அதிகமாகக்கூட ஆகலாம். ஆகவே வேலை தொடங்குமுன் பில்லில் எழுத வையுங்கள்: என்ன மாற்றப்படும், என்ன பிராண்டு, பார்ட் நம்பர் என்ன, கழற்றியது அனைத்தும் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்படும். "சஸ்பென்ஷன் 1 செட்" என்று ஒற்றை வரியில் வரும் பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நட்டு, போல்ட், ரப்பர் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, ஷாக்கில் இடது வலது என்று மார்க்கர் பேனாவால் எழுதி, கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். இடமில்லை என்கிறீர்களே, ஒரு வாடகை வீட்டில் என் குடும்பம் ஒரு செட் லீஃப் ஸ்பிரிங்கோடு வாழ்ந்தது.

கேள்வி: என் கணவருக்கு வயது 68, மலாய் அவ்வளவாக வராது. வெட்டாமல் செய்வோம், எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றலாம் என்று சொல்லி 4,800 வெள்ளி வாங்கினார்கள். இப்போது பார்த்தால் முன்னால் சேசிஸின் பிராக்கெட்டை கிரைண்டரில் அறுத்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கேட்டால் கத்துகிறார்கள். பிக்கப்பை வீட்டுக்குத்தான் வைத்திருக்கிறோம்.
– நிபோங் திபால் வாசகி

பதில்: அம்மா, பெயின்ட் அடித்தார்கள் என்பதே அவர்கள் தெரிந்தே செய்த வேலை என்று காட்டுகிறது. உங்கள் கணவர் நம்பியதில் தவறில்லை.

அந்தக் கடைக்குத் திரும்பப் போகாதீர்கள், வண்டியைச் சரிசெய்து தருகிறோம் என்றாலும் விடாதீர்கள். இப்போதே படம் எடுங்கள், அறுத்த இடத்தைக் கிட்டத்தில், வண்டி எண் தெரியும்படி ஒன்று. வேறு ஒர்க்‌ஷாப்பில் காட்டி, என்ன வெட்டப்பட்டிருக்கிறது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். அதோடு கடைக்கு ஒரு கடிதம், 14 நாள் அவகாசம் கொடுத்து, பதிவுத் தபாலில். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யும் பொறுப்பு அவர்களுடையது.

பதில் வரவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் மனு செய்யவேண்டும். பொதுவாக இரு பக்கமும் வக்கீல் வைக்க முடியாது, ஆகவே அவர்கள் வக்கீலைக் கொண்டுவந்து மிரட்டுவார்களோ என்ற கவலை வேண்டாம். வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி என்றால் சிக்கல் வரலாம். வீட்டு உபயோகம் என்று நீங்கள் சொன்னது நல்லது, மனுவிலும் அதைச் சொல்லுங்கள். மனு எழுதத் துணை வேண்டுமானால் ஜார்ஜ் டவுன், ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம். கணவரையும் கூட்டிப் போங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 180 வெள்ளிக்கு ஸ்பேசர் கிடைக்கிறது. வண்டியோடு வந்த ஜாக்கியை வைத்து நானே மாட்டலாமா?
– கெப்போங்

பதில்: கூடாது. அழுத்திய ஸ்பிரிங் தெறித்தால் முகம் மிஞ்சாது.

கேள்வி: நவாரா பிக்கப்புக்கும் பின்னால் பிளாக் போட்டுத் தூக்கலாமா?
– சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியவர்

பதில்: 2015க்குப் பிறகு வந்த நான்கு கதவு டபுள் கேப் என்றால் பின்னாலும் காயில் ஸ்பிரிங். பிளாக் வைக்க அங்கே லீஃபே இல்லை. காயிலுக்கான ஸ்பேசரோ உயரமான காயிலோ கேளுங்கள். உங்களுக்கு பிளாக் விற்கப் பார்த்தவர் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்க்கவே இல்லை.

கேள்வி: புது டிரைட்டன் பிக்கப். ஆறு இன்ச் லிஃப்ட், 35 இன்ச் டயர். வாட்ஸ்அப்பில் விலை பேசி 9,000 வெள்ளி முழுவதும் அனுப்பிவிட்டேன். நாளைக்கு வேலை. இப்போது சொல்கிறார்கள், குறுக்குச் சட்டத்தை வெட்டவேண்டுமாம். காட்டுக்கெல்லாம் போவதில்லை, பார்க்க கெத்தாக இருக்கும் என்றுதான். கொண்டோ பார்க்கிங்கில் உயரம் 2 மீட்டர். சரிப்படுமா?
– செராஸ் இளைஞர்

பதில்: தம்பி, கூட்டிப் பார்த்தீர்களா? வண்டி சுமார் 1.8 மீட்டர். லிஃப்ட் 15 சென்டிமீட்டர். டயர் இன்னும் ஐந்து, ஆறு. கொண்டோ வாசலில் உங்கள் கூரை நிற்கும், நீங்களும் நிற்பீர்கள். முழுப் பணத்தையும் முன்னால் அனுப்பிவிட்டு, வெட்டுவார்களா என்பதைக் கடைசி நாளில் கேட்பவருக்கு நான் என்ன சொல்ல? வெட்டுவதற்கு சம்மதமில்லை, வேலையைத் தொடங்காதீர்கள், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று இன்று இரவே எழுதி அனுப்புங்கள். காலையில் எழுந்து யோசிக்கலாம் என்று தூங்கிவிடாதீர்கள்.

கேள்வி: தூக்கிய பிறகு எதிரே வருகிறவர்கள் எல்லாம் எனக்கு லைட் அடிக்கிறார்கள். ஏன்?
– ஜாலான் ஈப்போ

பதில்: உங்கள் லைட் அவர்கள் கண்ணில் அடிப்பதால். ஹெட்லைட்டைக் கீழே இறக்கச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை.

கேள்வி: லிஃப்ட்டோடு சேர்த்துக் கூரைக் கூடாரமும் வாங்கலாம் என்று மனைவி ஆசைப்படுகிறார். அனுபவம் உண்டா?
– புக்கிட் மெர்தாஜாம்

பதில்: உண்டு. என்னுடையது விற்பனைக்கு.