கட்சி வேலைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள்: வாசகர் கேள்வி பதில்

அக்கா, எனக்கு 20 வயது. ஆன்லைனில் ஒரு கட்சியின் உறுப்பினர் அட்டை எடுத்து ஆறு மாதமாகிறது. இன்னும் ஒருவரும் கூப்பிடவில்லை. எங்கள் ஊர்க் கட்சிக்காரர்களுக்கு என்னைத் தெரியவே தெரியாது. எப்படித் தொடங்குவது?
(கல்லூரி மாணவர், விருத்தாசலம்)

அட்டை எடுத்தது நல்லதுதான் தம்பி, ஆனால் அதைப் பார்த்துவிட்டு யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள். கிராமமாக இருந்தால் கிளைச் செயலாளர், டவுனாக இருந்தால் வட்டச் செயலாளர் யாரென்று விசாரியுங்கள். பெரும்பாலும் காலையில் டீக்கடையிலேயே கிடைத்துவிடுவார். நேரே போய், "அண்ணே, இன்ன தெரு, இன்னார் மகன், நம்ம பாகத்துல ஓட்டர் லிஸ்ட் வேலை இருந்தா குடுங்க" என்று கேளுங்கள். கொடி கட்டவும் வேனில் ஏறவும் ஆள் நிறையக் கிடைக்கும், ஆனால் லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு வெயிலில் வீடு வீடாக நடக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் அந்த ஒரு வார்த்தையிலேயே உங்களை நிமிர்ந்து பார்ப்பார்.

பாகம் என்பது ஒரு வாக்குச்சாவடிக்குரிய பட்டியல், சுமார் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்த ஆயிரம் பேரில் யார் குடிபோனார்கள், யார் இறந்துபோனார்கள், யாருக்கு 18 ஆகிறது என்று தெரிந்து வைத்திருப்பவரைத்தான் தேர்தல் வந்தால் மாவட்டமே தேடும். புதுப் பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்கக் கோர அல்லது ஆட்சேபிக்கப் படிவம் 7, திருத்தத்துக்கும் வீடு மாறியதற்கும் படிவம் 8. இந்த மூன்றும் மனப்பாடமாக இருக்கட்டும். 18 வயதைக் கணக்கிட முன்பு ஜனவரி 1 மட்டும்தான் தகுதி நாள், 2022 முதல் ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் சேர்ந்துவிட்டன. இது தெரியாமல் ஒரு வருடம் காத்திருக்கும் பிள்ளைகள் இன்றும் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

நான் முதன்முதலில் லிஸ்ட் எடுத்துப் போன தெருவில், திண்ணையில் ஒரு பாட்டி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த பட்டியலில் அவர் பெயர் நீக்கப்பட்டிருந்தது, காரணம் இறப்பு. அதே பெயர் கொண்ட அவருடைய ஓரகத்தி இறந்ததற்கு இவர் பெயரை எடுத்துவிட்டிருக்கிறார்கள். நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும், கீரையைக் கீழே வைத்துவிட்டு, "நான் இருக்கேனே தாயி" என்றார், அவ்வளவுதான். அங்கேயே உட்கார்ந்து படிவம் 6 எழுதி, கைரேகை வாங்கி, பி.எல்.ஓ.விடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பெயர் வருகிறவரை பின்னாலேயே அலைந்தேன். வாக்குப்பதிவு அன்று மை வைத்த விரலை என்னிடம் நீட்டிக்காட்டிவிட்டுப் போனார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் யாரிடமும் கேட்காதீர்கள்.

முதன்முறையாகப் பூத் ஏஜென்ட்டாக உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்தால் போதும் என்கிறார் ஒன்றியச் செயலாளர். அப்படித்தானா?
(பரமக்குடி வாசகர்)

இல்லவே இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பவரால் கட்சிக்கும் பயனில்லை, ஓட்டுப் போடுகிற ஜனங்களுக்கும் பயனில்லை.

முந்தின நாளே வேட்பாளரோ அவருடைய தலைமை ஏஜென்ட்டோ கையெழுத்திட்ட நியமனப் படிவத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாக்குப்பதிவு 7 மணிக்கு என்றால் மாதிரி வாக்குப்பதிவு ஒன்றரை மணி நேரம் முன்பு, 5.30க்கே தொடங்கிவிடும், அதனால் 5 மணிக்கெல்லாம் பூத்தில் இருக்க வேண்டும். குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, எண்ணி, மெஷினில் வருவதும் விவிபேட் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் காட்டும் பெட்டி) சீட்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் கிளியர் செய்வார்கள். மெஷின் பூஜ்யம் காட்டுகிறதா, விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டுகளை எடுத்துவிட்டார்களா என்று எழுந்து போய், கண்ணால் பாருங்கள். பிறகு சீல் வைப்பார்கள். பச்சைப் பேப்பர் சீலில் ஒரு எண் இருக்கும், அதைக் குறித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். என் முதல் தேர்தலில் தூக்கக் கலக்கத்தில் குறிக்காமல் விட்டுவிட்டேன். எண்ணிக்கைக்கு முந்தின நாள் எங்கள் ஏஜென்ட் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

செல்போனை வெளியே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். கையில் பட்டியல், பேனா, ஸ்கேல் போதும். அதிகாரி பெயரையும் வரிசை எண்ணையும் படிக்கப் படிக்க நீங்கள் கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். அந்தப் பட்டியலை இடையில் வெளியே எடுத்துப் போகக் கூடாது. வந்தவர் அந்த ஆள் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். ஆமாம், இன்றும் 2 ரூபாய்தான். விரலில் மை வைத்து அவர் ஓட்டுப் போட்டுவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்லிப் பயனில்லை, அதற்கு முன்பே எழுந்துவிட வேண்டும். உங்கள் ஓட்டை யாரோ போட்டுவிட்டால் தேர்தல் விதி 49பி (49P) இருக்கிறதே என்று நம் ஆட்கள் தைரியமாகச் சொல்வார்கள். அந்த விதிப்படி வாக்குச்சீட்டு தருவார்கள், உண்மைதான். ஆனால் அதைத் தனி உறையில் போட்டு வைத்துவிடுவார்கள், எண்ணிக்கை நாளில் வழக்கமான கணக்கில் அது சேராது. ஆகவே கள்ள ஓட்டை அந்த நிமிடத்திலேயே தடுப்பதுதான் ஏஜென்ட்டின் வேலை, அதற்கு உங்கள் பாகத்து முகங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். லிஸ்ட் வேலையை நான் விடாமல் சொல்வது இதற்காகத்தான்.

மாலையில் களைத்துப் போயிருப்பீர்கள், வெளியே நம் ஆட்கள் "வாங்க போலாம்" என்று கூப்பிடுவார்கள். போகாதீர்கள். அதிகாரி குளோஸ் பட்டனை அழுத்தி மொத்த ஓட்டைச் சொன்னதும், பதிவான ஓட்டுக் கணக்கை எழுதும் 17சி படிவத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்குங்கள். எண்ணிக்கை மேசையில் அந்த மெஷின் காட்டும் மொத்தத்தோடு ஒப்பிட நம்மிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தத் தாள்.

இன்னொன்று, எதிர்க்கட்சி ஏஜென்ட்டோடு முறைத்துக்கொண்டு உட்காராதீர்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே பெஞ்சு. நீங்கள் கவனிக்காமல் விட்டதை அவர் கவனித்திருப்பார்.

இரண்டு வருடமாக மகளிர் அணியில் இருக்கிறேன். தலைவர்கள் வந்தால் ஆரத்தித் தட்டு, கூட்டமென்றால் முன் வரிசை நாற்காலி, வேறு வேலையே தருவதில்லை. கூட்டம் முடிய இரவு பத்தாகிவிடுவதால் வீட்டிலும் முணுமுணுப்பு. விட்டுவிடலாமா?
(கும்பகோணம் வாசகி)

விடாதீர்கள்மா. ஆரத்தித் தட்டை மட்டும் விட்டுவிடுங்கள். அடுத்த முறை கூப்பிட்டால், "எனக்கு இந்த இரண்டு தெரு லிஸ்ட்டைக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். ஆண்கள் போனால் வாசலோடு பேசி அனுப்பிவிடுகிற வீட்டில் நீங்கள் அடுப்படி வரைக்கும் போய் உட்காரலாம். கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் இன்னும் தாய்வீட்டுப் பட்டியலில்தான் இருக்கிறது என்பதை அங்கேதான் சொல்வார்கள். இந்த வேலைக்கு இரவு பத்து மணி ஆகாது, பகல் பதினொன்றுக்குப் போய் ஒரு மணிக்குத் திரும்பிவிடலாம். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கு. அந்த நேரம் வரும்போது செயலாளர் தன் மனைவி பெயரை எழுதிக்கொண்டு போவார். உங்கள் பின்னால் இரண்டு தெரு இருந்தால்தான் அப்போது நீங்கள் வாய் திறந்து கேட்க முடியும்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. விடுமுறை நாட்களில் கட்சி வேலை பார்க்கலாமா?
(தருமபுரி வாசகி)

கூடாது. நடத்தை விதிகளின்படி நீங்கள் கட்சி உறுப்பினராகவே இருக்க முடியாது. அரசு ஊழியர் பூத் ஏஜென்ட்டாக உட்கார்ந்தால் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134ஏ பிரிவில் மூன்று மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. விடுமுறை என்பதெல்லாம் கணக்கில் வராது. உங்கள் கணவரோ மகனோ வேலை பார்க்கட்டும், நீங்கள் ஓட்டுப் போடுங்கள்.

கடைசி இரண்டு நாளில் பூத் கமிட்டி கையில் பணம் கொடுத்து வீட்டுக்கு வீடு கொடுக்கச் சொல்வார்களாம். மாட்டேன் என்றால் ஒதுக்கிவிடுவார்களே?
(பெயர் வெளியிட விரும்பாதவர்)

ஒதுக்கலாம். அதற்குத் தயாராகத்தான் இருக்க வேண்டும். ஏஜென்ட்டுக்குச் சாப்பாடு, டீ, ஆட்டோ வாடகை எல்லாம் நியாயமான செலவு. வேட்பாளர் கணக்கில் காட்டலாம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம் வரை அனுமதி இருக்கிறது. ஓட்டுக்குக் கொடுக்கிற கவர் லஞ்சம், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஓராண்டு வரை சிறை. பிடிபடுவது பணம் அனுப்பியவர் இல்லை, கவரோடு தெருவில் நிற்கிற உங்களைப் போன்ற பிள்ளைதான், இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். "அண்ணே, லிஸ்ட் வேலை எவ்வளவு வேணா குடுங்க, இது என்னால ஆகாது" என்று முதல் தடவையே சொல்லிவிடுங்கள். எனக்கு ஒரு தேர்தலில் பூத் கமிட்டியில் இடம் போனது. அடுத்த தேர்தலுக்கு லிஸ்ட் தெரிந்த ஆள் வேண்டுமென்று அவர்களே வந்தார்கள். உங்களுக்கும் அப்படியே நடக்குமென்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

தேர்தல் இல்லாத காலத்தில் தொண்டனுக்கு என்ன வேலை?
(திருவாரூர் வாசகர்)

கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலே கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பதுதான், ஆகவே கட்சித் துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். போகும்போது ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துப் போங்கள், எரியாத தெருவிளக்கு என்றால் எந்தத் தெரு, எத்தனையாவது கம்பம் என்பது வரை. பேசி முடித்தவுடன் உட்கார்ந்துவிடாமல் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். நிறையப் பேர் வாசலில் நுழைந்ததுமே கையெழுத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.