மகள் யோகா டீச்சர் ஆகப் போகிறாளாம்: பட்டர்வொர்த் அம்மாவுக்கு ஒரு பதில்

அம்மா, வணக்கம்.

போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் படிப்பு, வேலை ஆலோசனைக்கு வந்தீர்கள். அவள் வாயே திறக்கவில்லை, நீங்கள்தான் பேசினீர்கள். "டீச்சர், பள்ளி இறுதித் தேர்வு எஸ்.பி.எம்.மில் ஆறு ஏ எடுத்த பிள்ளை, யோகா சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்கிறாள். இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டீர்கள். அடுத்த ஆள் காத்திருந்ததால் அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வேலைதான். ஆனால் அந்த வேலை எந்த நேரத்தில் நடக்கிறது என்று உங்கள் வீட்டில் இன்னும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் இப்போது பினாங்குத் தீவில் யோகா ஆசிரியை. வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம், பிறை என்ற ஊரில். ஒரு நாள் முழுக்க அவரோடு சுற்றிப் பார்த்தேன். காலை நாலே முக்காலுக்கு எழுந்து சமைத்து, மகனின் பள்ளிப்பையை வாசலில் வைத்துவிட்டு, இருட்டிலேயே பாலம் தாண்டுகிறார். ஆறரைக்குத் தஞ்சோங் தோக்கோங்கில் ஒரு கொண்டோ அடுக்குமாடி, நீச்சல்குளத்து ஓரம் வகுப்பு. ஏழு பேர் பணம் கட்டியிருந்தார்கள், வந்தது நாலு பேர். பத்து மணிக்கு வயதானவர்களுக்கு நாற்காலி யோகா. அதன் பிறகு சாயங்காலம் ஆறு வரை ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பெட்ரோலும் டோலும் வகுப்புக் காசைத் தின்றுவிடும். அதனால் ஒரு மரத்தடியில் காரை நிறுத்தி, டப்பாவில் கொண்டுவந்த புளிச்சாதத்தைச் சாப்பிட்டார். பின்சீட்டில் எட்டுப் பாய்கள். ஒவ்வொன்றாக எடுத்து ஈரத்துணியால் துடைத்து, காரின் கதவுகள்மேல் நிழல் பக்கமாகத் தொங்கவிட்டார். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயுமே என்றேன். "ரப்பர் பாய் டீச்சர், வெயில் பட்டால் உதிர ஆரம்பித்துவிடும்" என்றார். மாலை ஆறரைக்கு ஒரு வகுப்பு, எட்டுக்கு ஒன்று. வீடு சேரும்போது பத்தேகால். பையன் பாட்டி பக்கத்தில் தூங்கிப்போயிருந்தான்.

மற்றவர்கள் வேலைக்குப் போகும் முன்பும் வேலை முடிந்த பின்பும்தான் யோகாவுக்கு வருவார்கள். ஆக, ஊரே வீட்டில் இருக்கும் நேரம்தான் அவருக்கு வேலை நேரம். நீங்கள் பாயான் லெப்பாஸ் ஃபாக்டரியில் ஷிப்டு பார்ப்பவர். வீட்டில் ஒருவர் எழும்போது இன்னொருவர் படுக்கப் போவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இது ஷிப்டு அலவன்ஸ் இல்லாத ஷிப்டு வேலை. அந்தப் பெண்ணால் ஓட்ட முடிகிறது என்றால் அதற்கு மாமியார்தான் காரணம், அதை அவரே சொல்கிறார்.

சரி, காசுக்கு வருவோம். ஒரு வகுப்புக்கு 80 ரிங்கிட், வாரம் 15 வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 4,800. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சீனப் புத்தாண்டு வந்தால் ஸ்டூடியோ காற்று வாங்கும், நோன்பு மாதத்தில் மாலை வகுப்பு மெலியும், பள்ளி விடுமுறையில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி இல்லை. முதலாளி பங்கு என்று இ.பி.எஃப். சேமநிதியில் யாரும் போடப் போவதில்லை. அவளே மாதாமாதம் அதே சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் போட வேண்டும், அதற்கு அரசாங்கமும் கொஞ்சம் சேர்க்கும். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான சொக்சோ, அதாவது வேலையில் அடிபட்டால் கைகொடுக்கும் காப்புறுதி, 2017 சட்டத்திலேயே வந்துவிட்டது, பலர் கண்டுகொள்வதில்லை. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறவளுக்கு முழங்கால் போனால் என்ன செய்வது? முதல் மாதமே அதில் சேரச் சொல்லுங்கள். தொழிலை எஸ்.எஸ்.எம். என்ற பதிவு அலுவலகத்தில் பதிய சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60. அது பெரிய விஷயமில்லை.

அவள் கைப்பேசியில் காட்டினாளே, ரிஷிகேஷில் 200 மணி நேரப் பயிற்சி, அதைப் பற்றியும் சொல்கிறேன். 200 மணி நேரத்தை 25 நாளில் முடித்தால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். பதினெட்டு வயது உடம்பு தாங்கிவிடும், மண்டையில் எவ்வளவு தங்கும் என்பதுதான் கேள்வி. "யோகா அலையன்ஸ்" முத்திரை என்று போட்டிருக்கிறார்கள். அது அமெரிக்காவில் உள்ள ஒரு பதிவு அமைப்பு, எந்த நாட்டு அரசு உரிமமும் அல்ல. ஸ்டூடியோக்கள் கேட்பதால் தேவைப்படும், அவ்வளவுதான். பாரம்பரிய மருத்துவத்துக்கான இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் 2018இல் தனியாக ஒரு யோகா சான்றிதழ் வாரியம் தொடங்கியது. அதற்குத் தேர்வு உண்டு. என்னைக் கேட்டால் பரிட்சை எழுதி வாங்கும் சான்றிதழுக்கே என் ஓட்டு. குறுகிய கால யோகாப் பயிற்சிக்கு இந்தியாவின் சுற்றுலா இ-விசாவே போதும். ஆனால் அதே விசாவில் அங்கே சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்க முடியாது. பாலியிலும் தாய்லாந்திலும் இதே கதைதான். கடற்கரையில் நின்று போட்டோ போடும் ஆசிரியைகளைப் பார்த்துவிட்டு "உலகம் சுற்றலாம்" என்கிறாள். மாணவர்களைக் கூட்டிப் போகும் அந்தப் பயணத்தில் ஆசிரியைதான் முதலில் எழுந்து கடைசியில் படுப்பவர். யாருக்கு வயிறு சரியில்லை, யாருடைய பெட்டி வரவில்லை என்று எல்லாம் அவர் தலையில்தான் விழும்.

மகள் சாமியாராகிவிடுவாளோ என்று உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதாகச் சொன்னீர்கள், சிரிப்பு வந்துவிட்டது. யோகா குரு சுவாமி சிவானந்தர் 1913இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் பக்கம் எஸ்டேட் மருத்துவமனையில் டாக்டராக வேலை பார்த்தவர். 1923இல் திரும்பிப் போய், 1924இல் ரிஷிகேஷில் துறவியானார், 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். பிறந்த ஊர் பத்தமடை, பாய்க்குப் பேர்போன ஊர். அவர் யோகா டீச்சராகி அப்புறம் சாமியாரானவர் இல்லை, டாக்டர் வேலையை விட்டுப் போனவர். அந்தக் கணக்கில் பார்த்தால் பிள்ளையை டாக்டருக்குப் படிக்கவைக்கத்தான் பயப்பட வேண்டும்.

இந்த நாட்டில் இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2008இல் இஸ்லாமியச் சமயத் தீர்ப்பு சொல்லும் தேசிய ஃபத்வா மன்றம், மந்திரமும் வழிபாடும் கலந்த யோகா முஸ்லிம்களுக்குக் கூடாது என்றது. வெறும் உடற்பயிற்சியாகச் செய்யலாம் என்று அப்போதைய பிரதமர் விளக்கம் கொடுத்தார். நமக்கு ஓம் சொல்லித் தொடங்குவது இயல்பு. கலந்து வரும் வகுப்பில் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

என் யோசனை இதுதான். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், இப்போதே ரிஷிகேஷுக்கும் அனுப்பாதீர்கள். அறிவியல் பாடங்களில் நல்ல கிரெடிட் வைத்திருக்கிறாள். பிசியோதெரபி டிப்ளோமா எடுக்கட்டும், அல்லது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். முடித்து விளையாட்டு அறிவியலுக்குப் போகட்டும். எந்தக் கல்லூரியானாலும் படிப்புத் தரத்தைப் பார்க்கும் எம்.க்யூ.ஏ. அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்று முதலில் பாருங்கள், அது இல்லாவிட்டால் அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். கல்விக் கடனும் கிடைக்காது. நான் பார்த்த அந்தக் காலை வகுப்பில் இடுப்புத் தட்டு விலகியவர் ஒருவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுபவர் ஒருவர். அவர்களைத் தலைகீழாக நிற்கச் சொல்லலாமா என்று 25 நாள் படிப்பு சொல்லித்தராது. படித்துக்கொண்டே காலையில் ஒரு நல்ல ஆசிரியரிடம் பயிலட்டும். இருபது, இருபத்தொரு வயதில் அந்த 200 மணி நேரம் போனால் போதும்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. நான் சொன்ன ஆசிரியையிடம் பேசிவிட்டேன், அடுத்த திங்கள் முதல் வெள்ளி வரை உங்கள் மகளைக் கூடவே வைத்துக்கொள்கிறேன் என்றார். பாய் விரிக்கட்டும், துடைக்கட்டும், மத்தியானம் காரில் காத்திருக்கட்டும். எத்தனை மணிக்குக் கிளம்பினாள், எத்தனை மணிக்கு வந்தாள், அன்றைக்கு எத்தனை பேர் வகுப்புக்கு வந்தார்கள் என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள்.

அதற்கு மறுநாள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள், அப்பாவையும் கூட்டி வாருங்கள். முதல் அரை மணி நேரம் அவளோடு நான் தனியாகப் பேசுகிறேன். அதுவரை நீங்கள் இரண்டு பேரும் கீழே ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருங்கள், தே தாரிக் நன்றாக இருக்கும்.