மதுரைப் பக்கம் வண்டித் தொந்தரவு இல்லாமல் சைக்கிளில் மலை ஏற எந்தச் சாலை நல்லது?

21 கியர் ஹைப்ரிட் சைக்கிள் வைத்திருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம் கிடைக்கும், ரிங் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஓட்டி அலுத்துவிட்டது, காட்டுக்குள் போகிற அமைதியான தார்ச்சாலை வேண்டும் என்கிறீர்கள். கொடைக்கானல் ஏறலாமா, பெரியகுளம் அடுக்கம் வழி எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் சிறுமலை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

மலைச்சாலை அமைதியாக இருக்குமா என்று பார்க்க, அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். மேலே பெரிய ஊர், ஏரி, லாட்ஜ் என்று இருந்தாலோ, மலையைத் தாண்டி இன்னொரு ஊருக்குக் குறுக்குவழியாக இருந்தாலோ நாள் முழுக்க வண்டிதான். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகும் காட் ரோடு அப்படிப்பட்டது. வெளியூர் வண்டிகள் இ-பாஸ் வாங்கித்தான் ஏற வேண்டும் என்று 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்றமே கட்டுப்படுத்தும் அளவுக்கு அங்கே நெரிசல். வளைவில் பஸ் திரும்பும்போது சைக்கிள்காரனுக்கு ஒதுங்க இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

சிறுமலைச் சாலை மலைக்கு மேலே போய் அங்கேயே முடிந்துவிடுகிறது. மேலே வேலை இருப்பவர்கள்தான் ஏறுவார்கள்: ஊர்க்காரர்கள், திண்டுக்கல்லிலிருந்து வரும் பஸ், வாழைத்தாரும் எலுமிச்சையும் ஏற்ற வரும் வண்டிகள். சனி, ஞாயிறுகளில் பைக்கில் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் கிளம்பி வரவே வெயில் ஏறிவிடும். அதனால் ஞாயிறே போவதானாலும் பொழுது விடிந்த கையோடு அடிவாரத்தில் இருந்தால் பாதி மலைவரை சாலை உங்களுக்குத்தான்.

மதுரையிலிருந்து போகும் வழி: நத்தம் போய், அங்கிருந்து திண்டுக்கல் சாலையில் கோபால்பட்டி, சாணார்பட்டி தாண்டினால் சிறுமலைப் பிரிவு வரும். வீட்டிலிருந்தே மிதித்துக்கொண்டு போனால் மேலே ஊர் போய்ச் சேர ஒருவழிக்கே எண்பது கிலோமீட்டர் பக்கம் ஆகும். முதல் தடவைக்கு அது வேண்டாம். சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டு போய் அடிவாரத்திலிருந்து ஏறுங்கள். பழகிய பிறகு வீட்டிலிருந்தே கிளம்பலாம். அப்போது நத்தம் சாலையின் பறக்கும் பாலத்தில் ஏறாமல் கீழ்ச் சாலையிலேயே போங்கள். பாலத்தில் வண்டிகள் வருகிற வேகத்துக்கு சைக்கிள் அங்கே இருக்கக் கூடாது. நத்தம் தாண்டியதும் மாந்தோப்புகளும் புளியமரங்களுமாக நல்ல நிழல் கிடைக்கும்.

அடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச்சாவடி இருக்கிறது. திரும்பி வர எத்தனை மணிவரை நேரம் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள். கீழே முள்ளும் புதருமாக வறண்ட காடு. ஏற ஏற மரம் அடர்ந்துகொண்டே போகும், காற்றில் சூடு குறைவது கையில் தெரியும். மலையின் உச்சி 1,600 மீட்டர் உயரம் என்பார்கள். சாலை அவ்வளவு தூரம் போவதில்லை, ஊர்கள் ஆயிரம் மீட்டரை ஒட்டி இருக்கின்றன. சீராக மிதித்தால் மூச்சு வாங்கும், ஆனால் நெஞ்சு அடைக்காது. பக்கத்தில் வருகிறவரோடு இரண்டு வார்த்தை பேச முடிகிறதா என்று அடிக்கடி பாருங்கள். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

வளைவுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், முதல் தடவை ஏறுகிறவர்கள் அங்கேதான் இறங்கித் தள்ளுகிறார்கள். இடதுபக்கம் திரும்பும் வளைவில் உள்ஓரம்தான் செங்குத்து. நாம் இடதோரமாகவே போகிறவர்கள் என்பதால் அந்தச் செங்குத்தில் நேராகப் போய் மாட்டிக்கொள்வோம். மேலிருந்தும் பின்னாலிருந்தும் வண்டி வரவில்லை என்று நன்றாகத் தெரிந்தால் மட்டும், ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் விலகி வட்டத்தைப் பெரிதாக்கித் திரும்புங்கள். ஏற்றம் அப்படியே தணிந்துவிடும். சத்தம் கேட்டால் ஓரத்திலேயே இருங்கள், தேவைப்பட்டால் இறங்கி நில்லுங்கள். பஸ் திரும்புவதற்குச் சாலை முழுவதும் வேண்டும். கியரை வளைவுக்கு இருபதடி முன்னாலேயே குறைத்துவிடுங்கள். முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரியது. முக்கி மிதிக்கும்போது கியர் மாற்றினால் செயின் கழன்று, சாய்வில் மறுபடி ஏறி உட்காருவதே பெரும்பாடு.

மேலே போனதும் அவசரப்பட்டுத் திரும்பாதீர்கள். சிறுமலையில் தோட்டங்களுக்கு ஜீப் போகாத இடங்களில் இன்னும் குதிரைதான் சுமை கொண்டுவருகிறது. இருபக்கமும் மூட்டை தொங்க, பின்னால் ஆள் சத்தம் கொடுத்துக்கொண்டே நடக்க, ஒற்றையடிப் பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு இறங்கி வரும். அந்தக் குதிரைகளுக்குப் பின்னால் மணி அடிக்காதீர்கள். வாயால் "அண்ணே, சைக்கிள் வருது" என்று சொன்னால் அவரே பிடித்துக்கொள்வார். சாலையோரம் மலைவாழைப்பழம் கிடைத்தால் வாங்குங்கள். சின்னதாக, தோல் தடித்து, புளிப்பும் இனிப்புமாக இருக்கும். புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. முடிக்கொத்து நோய் வந்து எத்தனையோ தோட்டங்கள் அழிந்த பிறகும் விடாமல் பயிர் செய்கிறார்கள். ஏறிக் களைத்த உடம்புக்கு அதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. தோலைக் குரங்குக்குப் போடாமல் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள். சாலையோரம் சோறு கிடைக்கும் என்று பழகிய குரங்கு, அடுத்து வருகிறவர் சைக்கிள் மேலேயே பாயும். வண்டியில் அடிபட்டுச் சாவதும் அப்படி ரோட்டுக்குப் பழகிய குரங்குகள்தான்.

காட்டு மாடு உண்டு. எதிரே நின்றால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள், அது தானாகப் போகும். படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள்.

இறக்கத்துக்குத்தான் ஏற்றத்தைவிடக் கவனம் வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்காக இருந்தால், ஒரேயடியாக அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். நேர்ச்சாலையில் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் நுழைந்த பிறகு பிடிக்காதீர்கள், நடுநடுவே நின்று ரிம்மை ஆறவிடுங்கள். வளைவுகளில் மணலும் ஈர இலைச்சருகும் கிடக்கும். ஹெல்மெட் கட்டாயம். கூடவே ஒரு மெல்லிய ஜாக்கெட், வேர்த்த உடம்பில் குளிர்காற்று அடிக்கும்.

அதற்கு முன் பழக வேண்டும் என்றால் அழகர்கோவில் போங்கள். கள்ளழகர் கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும் மூன்று நான்கு கிலோமீட்டர் போதும். கூட்டம் சேரும் கார்த்திகை, ஆடி நாட்களையும் சித்திரைத் திருவிழாவையும் தவிர்த்துவிட்டு, சைக்கிளை விடுகிறார்களா என்று வாசலில் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

சிறுமலை கைவந்த பிறகு தாண்டிக்குடி. வத்தலக்குண்டு, பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, பெரும்பாறை, தடியன்குடிசை என்று போகும் சாலை. இது பண்ணைக்காடு வழியாகக் கொடைக்கானல் சாலையில் போய்ச் சேர்வதால் முடிந்துபோகிற சாலை இல்லை. ஆனாலும் பெரும்பாலானவர்கள் காட் ரோட்டிலேயே போய்விடுவதால் இங்கே வண்டி குறைவு. இருபுறமும் காப்பித் தோட்டம், மரங்களில் மிளகுக்கொடி. கோடையில் ஒரு மழை விழுந்து சில நாட்களில் காப்பிச் செடி வெள்ளையாகப் பூத்துவிட்டால் மல்லிகை மாதிரி ஒரு மணம் சாலை முழுக்க வரும். அந்த நேரத்தில் ஏறுகிறவர் கொடுத்துவைத்தவர். யானை நடமாட்டம் உள்ள பகுதி, மாலை நான்குக்குள் கீழே இறங்கிவிடுங்கள்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கும் 18 வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். அழகில் இந்தப் பக்கத்தில் அதுதான் முதல். ஆனால் 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். சோதனைச்சாவடியில் என்ன சொல்கிறார்களோ அதுதான். விடமாட்டோம் என்றால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். புலிக்கு ஒதுக்கிய காட்டில் நாம் விருந்தாளிகள்.

அடுக்கம் வழி கேட்டீர்கள். கும்பக்கரையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெருமாள்மலைக்கு ஏறும் அந்தச் சாலை நல்ல செங்குத்து, உங்கள் கியருக்கு இந்த வருஷம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து சாலை அடைபடுகிற இடமும் அது. தை, மாசியில் போனாலும் கும்பக்கரையில் நிற்கும் ஜீப்காரர்களிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். எந்தத் திருப்பத்தில் கல் விழுந்திருக்கிறது என்பதுவரை சொல்லிவிடுவார்கள்.