ஊர் போன பின்னும் நிற்கும் செர்வோனோஹோரோட் கோட்டை: கேள்வி பதில்

செர்னிவ்ட்சியில் மருத்துவம் படித்த வருடங்களில், விடுமுறை கிடைத்தால் நான் ஓடிய இடம் செர்வோனோஹோரோட். உக்ரைனின் மேற்கில், டெர்னோபில் மாகாணத்தில், நிர்கிவ் கிராமத்தை ஒட்டிய பள்ளத்தாக்கில் இடிந்த கோட்டையும் அருவியும் இருக்கின்றன. அந்த இடத்தின் படங்களைப் பார்த்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, செர்வோனோஹ்ராட் என்று ஒரு நகரத்தை மேப்பில் பார்த்தேன். அதுதானா இது?

இல்லை தம்பி, நிறையப் பேருக்கு வரும் குழப்பம்தான். நீங்கள் பார்த்தது லிவிவ் மாகாணத்துச் சுரங்க நகரம். அதன் பழைய பெயர் கிறிஸ்டினோபோல். 1951-இல் போலந்தும் சோவியத் யூனியனும் நிலம் மாற்றிக்கொண்டபோது சோவியத் பக்கம் வந்தது. செர்வோனோஹ்ராட், அதாவது 'சிவப்பு நகரம்' என்று பெயர் வைத்தார்கள். 2024-இல் அதை ஷெப்டிட்ஸ்கி என்று மாற்றிவிட்டார்கள். அந்தச் சிவப்பு சோவியத் கொடியின் சிவப்பு. நம் ஊரின் பெயரில் உள்ள சிவப்பு மண்ணிலிருந்து வந்தது. பள்ளத்தாக்கின் சரிவெல்லாம் டெவோனியன் காலத்துச் செம்மணற்கல். சுமார் 40 கோடி வருடப் பழமை. மழை பெய்து ஓய்ந்ததும் பார்த்தால் பெயருக்கு விளக்கமே வேண்டாம்.

அவ்வளவு சின்ன இடத்தில் ஏன் கோட்டை கட்டினார்கள்?

இன்று பார்த்தால் சின்ன இடம். ஒரு காலத்தில் இது பொடோலியாப் பகுதியில் ஒரு வட்டத்தின் தலைநகர். 1448-இல் மாக்டெபர்க் உரிமை கிடைத்தது. அதாவது ஊரை ஊராரே நிர்வகிக்கும் உரிமை. இடத்தைத் தேர்ந்தவர்களைப் பாராட்ட வேண்டும். நீஸ்டர் நதியில் போய்ச் சேரும் ஜுரின் ஆறு இங்கே பெரிய வளையமாக வளைந்து ஒரு மேட்டைச் சுற்றி ஓடியது. அந்த மேட்டில்தான் கோட்டை. அகழியை ஆறே வெட்டிக் கொடுத்துவிட்டது.

அருவியைத் துருக்கியர்கள் வெட்டினார்கள் என்பது உண்மையா?

ஊரில் எல்லோரும் சொல்லும் கதை இது. கோட்டையை முற்றுகையிட்ட துருக்கியர்கள், உள்ளே இருப்பவர்களுக்குத் தண்ணீர் கிடைக்கக் கூடாது என்று ஆற்றின் கழுத்தை வெட்டித் திருப்பினார்களாம். துருக்கியர்கள் வந்தது உண்மைதான். 1672-இல் காமியானெட்ஸ்-பொதில்ஸ்கி கோட்டை விழுந்ததும் பொடோலியா முழுவதும் போலந்திடமிருந்து ஒட்டோமான் துருக்கியர் கைக்குப் போனது, 1699-இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையில்தான் போலந்திடம் திரும்பியது. ஆனால் ஆறு வெட்டிய கதையை நான் நம்பவில்லை. வளையத்தின் இரண்டு முனைகளும் நெருங்கி, நடுவே ஒடுங்கிய பாறை மட்டும் மிஞ்சினால், ஆறு தானே அதை அரித்துக் குறுக்கே பாய்ந்துவிடும். நீண்ட வளையத்தில் மெதுவாக இறங்கிய தண்ணீர் குறுக்கு வழியில் ஒரேயடியாக விழும். அருவி பிறப்பது அப்படித்தான். உயரம் 16 மீட்டர். உக்ரைனின் சமவெளி அருவிகளில் இதுதான் உயரமானது என்பார்கள்.

படத்தில் இருப்பது கோட்டையா, அரண்மனையா? இரண்டு பெயரும் சொல்கிறார்களே டாக்டர்.

இரண்டும்தான். பொடோலியாவின் இந்தப் பகுதி 1772-இல் ஆஸ்திரியாவிடம் போனது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்போது இதை வைத்திருந்த போனின்ஸ்கி என்ற போலந்து பிரபுக் குடும்பம் பழைய கோட்டையின் பெரும்பகுதியை இடித்து அரண்மனையாக மாற்றியது. வட்டக் கோபுரங்கள் இரண்டை மட்டும் விட்டுவைத்தார்கள். பிறகு லுபோமிர்ஸ்கி குடும்பத்திடம் வந்து, இரண்டாம் உலகப் போர் வரை அவர்களிடம் இருந்தது. போருக்குப் பிறகு கேட்பாரில்லை. அக்கம்பக்கத்தில் வீடு கட்டக் கல் எடுத்துப் போனார்கள். 2013-இல் ஒரு கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது தடவை அந்தச் செங்குவியலைப் பார்த்தபோது தொண்டை அடைத்துவிட்டது.

கோட்டை இடிந்தது சரி. ஊர் எங்கே போனது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அருவிப் படத்தைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை.

போர்க்காலத்தில் இங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் போலந்துக்காரர்கள். சுற்றியிருந்த கிராமங்களில் உக்ரைனியர்கள் அதிகம். போர் நடக்கும்போதே இரண்டு தரப்பாருக்கும் நடுவே ரத்தம் சிந்தத் தொடங்கிவிட்டது. 1945 பிப்ரவரித் தொடக்கத்தில் ஓர் இரவு உக்ரைனிய தேசியவாதிகளின் ஆயுதப் படையான உக்ரைனிய கிளர்ச்சிப் படை ஊரைத் தாக்கியது. பெண்கள், குழந்தைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். வீடுகள் எரிந்தன. சோவியத் உக்ரைனுக்கும் போலந்துக்கும் 1944 செப்டம்பரிலேயே மக்களை இடம் மாற்ற ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. தப்பியவர்கள் அதன்படி போலந்துக்குப் போய்விட்டார்கள். பிறகு இங்கே ஊர் எழவே இல்லை.

கூரை இல்லாமல் நிற்கிறதே கத்தோலிக்கத் தேவாலயம், அது அந்த மக்களுடையது. உள்ளே மரம் முளைத்திருக்கிறது. இதைச் சொல்லாமல் கோட்டையின் வரலாற்றை மட்டும் சொல்ல எனக்கு மனம் வராது. இது உக்ரைனியர் மண்ணா, போலந்துக்காரர் மண்ணா என்று சண்டை போடுகிறவர்கள் ஒரு தடவை அந்தத் தேவாலய வாசலில் நிற்கட்டும்.

பாதுகாக்க யாரும் எதுவும் செய்யவில்லையா?

இயற்கைக்கு ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது. 2010-இல் நீஸ்டர் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா உருவானது, அருவி அதற்குள் வருகிறது. கட்டடத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. முழு அரண்மனையையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். மிச்சமிருக்கும் கோபுரத்தின் உச்சியில் மழைநீர் இறங்காமல் மூடி, விரிசலில் சுண்ணாம்புக் காரை அடைத்தாலே பல வருடம் தாங்கும். சுவருக்குள் இறங்கும் தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து விரிகிறது. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கல் பெயர்கிறது.

எப்படிப் போவது அக்கா?

நான் செர்னிவ்ட்சியிலிருந்து சாலிஷ்சிகி வரை பஸ், அப்புறம் நிர்கிவுக்கு இன்னொரு வண்டி, கடைசியில் பள்ளத்தாக்குக்கு நடை என்று போவேன். இப்போது போர் நடக்கிறது, யாரையும் போகச் சொல்லமாட்டேன். அமைதி வந்த பிறகு போனால் மே மாதத்தில் போங்கள். கோபுரத்தைத் தள்ளி நின்றே பாருங்கள். அடியில் போய் நிற்க வேண்டாம், கல் விழும்.