அன்வர் அலி ஆடலாம் என்றால்… – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் அக்கா மகனுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரிக் கால்பந்து அணியில் ஸ்டாப்பராக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரராக, ஆடுகிறான். பல்கலைக்கழக அணித் தேர்வுக்காக எடுத்த ஈசிஜியில் சந்தேகம் வந்து, எக்கோவும் பார்த்துவிட்டு, இதயத் தசை தடித்திருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கும்வரை ஆடவே கூடாது என்பது அவர் உத்தரவு. பையனோ, இதே நோயோடு அன்வர் அலி இந்திய அணிக்கே ஆடுகிறாரே, நான் ஏன் ஆடக் கூடாது, அதிலும் ஸ்டாப்பருக்கு அவ்வளவு ஓட்டம் கிடையாதே என்று வாதாடுகிறான். எனக்கென்னவோ அன்வர் அலி இளைஞர்களுக்குத் தவறான முன்னுதாரணம் என்றே படுகிறது. கால்பந்துக் கூட்டமைப்பு தடுத்தபோதே அவர் நின்றிருக்க வேண்டும். ஒப்பந்தம் பாதியில் இருக்கும்போதே கொல்கத்தாவின் மோகன் பகானை விட்டு, அதே ஊரின் போட்டிக் கிளப்பான ஈஸ்ட் பெங்காலுக்குப் போனவர்தானே அவர். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(வாசகர் கேட்டுக்கொண்டபடி பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.)

அன்புள்ள நண்பருக்கு,

எம்ஆர்ஐ முடிவு கைக்கு வந்து, இதயவியல் மருத்துவர் அதைப் பார்த்துச் சொல்லும்வரை உங்கள் மருமகன் பந்தைத் தொடக் கூடாது. பயிற்சி ஆட்டமாக இருந்தாலும் சரி, மாலை நேரத்தில் நண்பர்களோடு ஆடும் ஆட்டமாக இருந்தாலும் சரி. இதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அன்வர் அலியைப் பற்றிய உங்கள் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கு அவர் கடந்துவந்த ஆண்டுகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பஞ்சாபின் ஆதம்பூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். 2017-இல் இந்தியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் நம் அணி அமெரிக்கா, கொலம்பியா, கானா ஆகிய மூன்று நாடுகளிடமும் தோற்று வெளியேறியது. ஆனாலும் அந்தத் தடுப்பு வரிசையில் நின்ற அன்வரைக் கால்பந்து பார்ப்பவர்கள் அப்போதே குறித்துவைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் நடந்த கோட்டிஃப் போட்டியில் இருபது வயதுக்குட்பட்ட இந்திய அணி, பத்துப் பேராகக் குறைந்த பின்னும், அர்ஜென்டினாவை 2–1 என்று வென்றது. 68-ஆவது நிமிடத்தில் ஃப்ரீகிக்கிலிருந்து இரண்டாவது கோலை அடித்தவர் அன்வர். எதிரணியின் பயிற்சியாளர், பின்னர் 2022-இல் அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பையை வென்று தந்த லியோனல் ஸ்கலோனி. தடுப்பாட்டக்காரர் ஒருவருக்குப் பதினெட்டு வயதுகூட நிறையாத நிலையில் இதைவிட நல்ல தொடக்கம் அமைவது கடினம்.

2019-இல், மும்பை சிட்டி அணியில் இருந்தபோது, அவருக்கு இதயத் தசை தடிப்பு நோய் இருப்பது தெரியவந்தது. உங்கள் மருமகனுக்கும் இந்த நோய்தான் இருக்குமோ என்று சந்தேகிக்கிறார்கள். அன்வருக்கு இருந்தது இதயத்தின் நுனிப்பகுதியில் மட்டும் தசை தடிக்கும் வகை. மற்ற வகைகளோடு ஒப்பிட்டால் இதில் ஆபத்து குறைவு என்பது மருத்துவர்களின் பொதுவான கருத்து. ஆனாலும் ஆபத்தே இல்லை என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். இப்படித் தடித்த தசையில் மின்துடிப்பின் ஒழுங்கு குலையக்கூடும். அப்படிக் குலையும்போது இதயம் துடிப்பதற்குப் பதில் வெறுமனே நடுங்கும், மூளைக்கு ரத்தம் போகாது, சில நிமிடங்களில் உயிர் போய்விடும். 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில், கொலம்பியாவுக்கு எதிரான கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியின் 72-ஆவது நிமிடத்தில், கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோ மைதானத்தின் நடுவட்டத்தில், பக்கத்தில் யாருமே இல்லாதபோது சரிந்து விழுந்தார். அவருக்கு வயது 28. பிரேதப் பரிசோதனையில் இந்த நோய்தான் தெரியவந்தது.

நம் நாட்டிலும் 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை இறுதிப் போட்டியில், டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் அடித்த கையோடு மோகன் பகான் கோல்கீப்பர் மீது மோதி விழுந்து இறந்தார். மைதானத்தில் முறையான மருத்துவ ஏற்பாடு இல்லை என்று அன்று எழுந்த குரல்களை இந்தியக் கால்பந்து உலகம் மறந்திருக்காது. எனவே 2020-இல் அன்வர் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியில் சேர்ந்தபோது, அவரைப் பயிற்சியில் இறக்க வேண்டாம் என்று கூட்டமைப்பு சொன்னதை நான் குறைகூற மாட்டேன். ஓர் இளைஞன் தங்கள் கண்முன்னே இறந்துவிடக் கூடாது என்ற அச்சம் நியாயமானது.

நான் உங்களிடமிருந்து வேறுபடுவது இதற்குப் பிந்தைய கட்டத்தில். அன்வர் தடையைத் திருட்டுத்தனமாக மீறவில்லை, நோயை மறைத்துக்கொண்டு எங்கோ ஒரு போட்டியில் இறங்கவும் இல்லை. தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார், மருத்துவக் குழுக்களின் முன் தன் அறிக்கைகளை வைத்தார், பரிசோதனைகளுக்கு உட்பட்டார். 2021-இல் தில்லி எஃப்சி அணிக்காக மீண்டும் ஆடத் தொடங்கினார். ஒரு தடுப்பாட்டக்காரர் உருப்பெறும் பத்தொன்பது, இருபது வயதில் இரண்டு பருவங்கள் அவருக்கு அப்படியே போயின. அவர் கேட்டது ஒன்றுதான்: நோயின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், என் இதயத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

மருத்துவ உலகமும் அதே காலத்தில் இதே திசையில்தான் நகர்ந்தது. முன்பெல்லாம் இந்த நோய் இருந்தாலே போட்டி விளையாட்டு கூடாது என்பது பொது விதி. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை அந்த விதியைத் தளர்த்தியது. காரணமில்லாமல் மயங்கி விழுந்தது உண்டா, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்ததுண்டா, தசை எவ்வளவு தடித்திருக்கிறது, இதயத் துடிப்பை நாள் முழுக்கப் பதியும் ஹோல்ட்டர் கருவியில் துடிப்புக் கோளாறு தெரிகிறதா, டிரெட்மில்லில் ஓடும்போது ரத்த அழுத்தம் சரியாக ஏறுகிறதா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஆராய்ந்து, ஆபத்துக்கான அடையாளங்கள் எதுவும் இல்லாதவர்களுக்கு, எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகு, கடும் விளையாட்டையும் அனுமதிக்கலாம் என்றது அது. உங்கள் மருமகன் அன்வரைக் காட்டி வாதாடும்போது, இந்தப் பரிசோதனைகள் அத்தனையும் முடிந்துவிட்டனவா என்று கேளுங்கள். ஒரே பெயருள்ள நோய் இரண்டு உடல்களில் இரண்டு விதமாக இருக்கும்.

ஸ்டாப்பருக்கு ஓட்டம் குறைவு என்ற வாதம் எடுபடாது. நடுக்கள வீரரைவிட அவர் ஓடும் மொத்தத் தூரம் குறைவுதான். ஆனால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று திரும்பி, தன்னைத் தாண்டிப் போகும் முன்கள வீரரை முழுவேகத்தில் துரத்துவதும், பந்தை அடித்தகற்றிவிட்டு உடனே நிற்பதும்தான் அவர் வேலை. இதயத்தை ஒரே நொடியில் உச்சத்துக்கு விரட்டும் இந்த வகை ஓட்டத்தைத்தான் இந்த நோய் உள்ளவர்கள் விஷயத்தில் மருத்துவர்கள் கூடுதலாக அஞ்சுகிறார்கள்.

பிரான்சின் லிலியன் துராமும் தடுப்பாட்டக்காரர்தான். 2008-இல் பாரி சென்-ஜெர்மென் அணியில் சேர்வதற்கான மருத்துவப் பரிசோதனையில் இதயக் கோளாறு தெரிந்ததும் அவர் ஓய்வு பெற்றார். பலர் அவரை அன்வருக்கு எதிரான பாடமாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஒப்பீடு நியாயமாகத் தோன்றவில்லை. துராமுக்கு அப்போது வயது 36. உலகக் கோப்பை, பிரான்சுக்காக 142 ஆட்டங்கள், நிறைந்த செல்வம் எல்லாம் அவர் பின்னால் இருந்தன. அன்வருக்கோ பத்தொன்பது வயது, தன் ஆட்டத்தையே நம்பியிருந்த குடும்பம், கையில் வேறு தொழில் இல்லை. உயிருக்கும் பிழைப்புக்கும் நடுவே ஓர் இளைஞனை நிறுத்திவிட்டு அவன் சுதந்திரமாக முடிவெடுத்தான் என்று சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உங்களை நான் மிகவும் வேண்டிக் கேட்பது இதைத்தான்: உங்கள் மருமகனின் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாளை மருத்துவர் வேண்டாம் என்று சொன்னால், அந்தச் சொல்லைத் தாங்கிக்கொள்ள அவனுக்கு வேறொரு வழி கையில் இருக்க வேண்டும்.

அனுமதி கிடைத்த பின் அன்வர் ஆடிய ஆட்டத்தை நான் மகிழ்ச்சியோடுதான் பார்த்தேன். 2022 மார்ச்சில் பஹ்ரைனுக்கு எதிராக இந்தியாவுக்காக முதல் ஆட்டம், ஜூனில் கொல்கத்தாவில் ஹாங்காங்குக்கு எதிராக இரண்டாவது நிமிடத்திலேயே கோல். மறு ஆண்டு தெற்காசிய நாடுகளின் சாஃப் போட்டியின் குழு ஆட்டத்தில், குவைத் வீரர் பக்கவாட்டிலிருந்து உள்ளே அடித்த பந்தை வெளியேற்றப் போய், கூடுதல் நேரத்தில் பந்தைத் தன் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டார். வெற்றி கை நழுவி ஆட்டம் 1–1 என்று முடிந்தது. ஒரு வாரத்தில் அதே குவைத்தை இறுதியில் பெனால்டியில் வென்று இந்தியா கோப்பையை எடுத்தது.

ஈஸ்ட் பெங்கால் விவகாரத்தில் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. தில்லி எஃப்சியிலிருந்து நான்கு ஆண்டுக் கடனில் (ஒரு கிளப் தன் வீரரைக் குறிப்பிட்ட காலத்துக்கு இன்னொரு கிளப்பில் ஆட அனுப்பும் ஏற்பாடு) மோகன் பகானுக்கு வந்தவர் ஓராண்டிலேயே அதை முறித்துக்கொண்டார், மோகன் பகானின் மனக்குறையில் நியாயம் உண்டு. 2024 செப்டம்பரில் கூட்டமைப்பின் குழு நான்கு மாதத் தடையும், அவரும் ஈஸ்ட் பெங்காலும் தில்லி எஃப்சியும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12.90 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற உத்தரவும் விதித்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் சென்றதும் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் இது ஒப்பந்தச் சிக்கல். இதை வைத்து, நோயோடு ஆட அவர் எடுத்த முடிவை எடைபோடாதீர்கள். 2020-இல் எந்த அணியும் களத்தில் இறக்க முடியாத நிலையில் இருந்தவருக்காக இரண்டு பெரிய கிளப்புகள் கோடிக்கணக்கில் சண்டையிட்டதையும் நினைத்துப் பாருங்கள்.

எம்ஆர்ஐ முடிவு வந்ததும், விளையாட்டு வீரர்களைப் பார்த்துப் பழகிய இதயவியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். அக்காவுக்கும் அத்தானுக்கும் ஈசிஜியும் எக்கோவும் எடுத்துவிடுங்கள், இது பரம்பரையாக வரக்கூடிய நோய். பையனுக்கு அனுமதி கிடைத்தாலும், கல்லூரி மைதானத்தில், ஒழுங்கு குலைந்த துடிப்பைச் சீராக்கும் மின்அதிர்ச்சிக் கருவி இருக்கிறதா, அதை இயக்கவும் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யவும் தெரிந்தவர்கள் ஒவ்வொரு பயிற்சியிலும் இருக்கிறார்களா என்று உடற்கல்வி இயக்குநரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதில் வரும்வரை அவன் காத்திருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்