டாக்டர் வேலையும் ரோயிங் மெஷினும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மெடிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறேன். ஜிம்ல படகுத் துடுப்பு போடுற மாதிரியே உக்காந்து இழுக்குற ரோயிங் மெஷின்ல சும்மா உக்கார ஆரம்பிச்சது இப்ப பைத்தியமாவே ஆயிடுச்சு. டாக்டராவும் இருந்து இண்டோர் ரோயிங் (அந்த மெஷின்லயே நடக்குற போட்டி) சாம்பியனாவும் ஆகுற வாழ்க்கை நெஜமாவே நடக்குமா, இல்ல பேட்டிகள்ல மட்டும்தானா?

பதில்: நடக்கும். ஆனா பேட்டிகள்ல வர்ற மாதிரி விடியக்காலைல எழுந்து பயிற்சி, பகல் பூரா ஆஸ்பத்திரி, ராத்திரி மறுபடி பயிற்சின்னு ரெண்டையும் ஒரே நேரத்துல உச்சத்துல ஓட்டினாங்கன்னு சொன்னா அப்படியே நம்பிடாதீங்க. உச்சத்துக்குப் போனவங்க கதைய எடுத்துப் பாத்தா பெரும்பாலும் ஒண்ண கொஞ்ச நாள் ஓரமா வச்சுட்டுதான் இன்னொண்ண புடிச்சிருக்காங்க.

அமெரிக்காவோட ஜெவி ஸ்டோன எடுத்துக்கங்க, அவங்க தண்ணில படகு ஓட்டுற ஆளுதான், ஆனா அந்த லெவல்ல இருக்குற எல்லாரும் வாழ்க்கைல பாதிய இந்த மெஷின் மேலதான் கழிக்கிறாங்க, டீம் செலக்‌ஷனுக்கே அதுல 2000 மீட்டர் டைம் கேப்பாங்க. டஃப்ட்ஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சுகிட்டு இருக்கும்போதே படிப்புக்கு பிரேக் விட்டு 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் போனாங்க, ஏழாவது இடம். திரும்பி வந்து 2014-ல படிப்ப முடிச்சாங்க, முடிச்ச கையோட ரெசிடென்சில (படிப்புக்கு அப்புறம் ஆஸ்பத்திரில எடுக்குற டாக்டர் பயிற்சி) சேராம அதத் தள்ளிப் போட்டுட்டு 2016 ரியோல சிங்கிள் ஸ்கல்ஸ் (ஒருத்தரே ரெண்டு துடுப்புல ஓட்டுற பிரிவு) வெள்ளி. அதுக்கப்புறம்தான் எமர்ஜென்சி மெடிசின். திரும்ப டோக்கியோவுக்கு ரெண்டு பேர் ஓட்டுற டபுள் ஸ்கல்ஸ்ல வந்தப்ப வயசு 36, அஞ்சாவதா முடிச்சாங்க. அப்பா அம்மா ரெண்டு பேருமே ரோயர்ஸ், அப்பாதான் கோச், அந்த கொடுப்பினை எல்லாருக்கும் கிடைக்காதுங்கறதயும் சேத்தே சொல்லணும்.

பிரிட்டனோட பாலி ஸ்வான் கதையும் கிட்டத்தட்ட இதேதான். ரியோல எட்டு பேர் ஓட்டுற எயிட்ஸ் பிரிவுல வெள்ளி வாங்கிட்டு எடின்பரோல மெடிசின் முடிக்கப் போனாங்க, 2020-ல ஒலிம்பிக்ஸ் ஒரு வருஷம் தள்ளிப் போனதும் கோவிட் நேரத்துல ஆஸ்பத்திரில டாக்டரா வேலை பாத்தாங்க, அப்புறம் மறுபடி படகுக்கு வந்து டோக்கியோல ஹெலன் குளோவர் கூட ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு துடுப்பு போடுற ரேஸ்ல நாலாவது இடம். மெடல் போச்சேன்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அந்த நாலாவது இடம் ரொம்பப் பெருசாத்தான் தெரியுது.

இண்டோர்ல உங்களுக்கு ஒரு சவுகரியம் இருக்கு. ஆறு வேணாம், கூட ஓட்ட ஆளு வேணாம், வெளிச்சம் காத்து மழை எதப் பத்தியும் கவலை இல்ல, ஷிப்ட் எப்ப முடியுதோ அப்ப உக்காந்துக்கலாம். அதனாலதான் வேலைக்குப் போற ஆளுங்களுக்கு இந்த விளையாட்டு ஒத்து வருது.

கேள்வி: 2000 மீட்டர் சரியா 8 நிமிஷத்துல முடிக்கிறேன். 7 நிமிஷத்துக்கு வரணும், ஒரு நிமிஷம்தானே?

பதில்: "தானே" எல்லாம் இல்லீங்க! அந்த மெஷின் காத்த எதுத்து சுத்துற சக்கரம், வேகம் கூடக்கூட தேவைப்படுற பவர் வேகத்த மூணு தடவ பெருக்குற கணக்குல (வேகம் ரெண்டு மடங்குன்னா பவர் எட்டு மடங்கு) ஏறும். உங்க 8 நிமிஷம்னா 500 மீட்டருக்கு 2 நிமிஷம், அதுக்கு சுமார் 203 வாட். 7 நிமிஷம்னா 500 மீட்டருக்கு 1 நிமிஷம் 45 செகண்ட், அதுக்கு 302 வாட். நேரத்துல எட்டுல ஒரு பங்கு குறைக்க பவர்ல பாதி கூட்டணும். பக்கவாட்டுல இருக்குற டேம்பர (சக்கரத்துக்குள்ள போற காத்தக் கூட்டிக் குறைக்குற லீவர்) 10-க்குத் தள்ளினா பவர் வந்துடும்னு நெனைக்காதீங்க, அது கியர் மாதிரிதான், முதுகுதான் போகும். நல்லா ஓட்டுறவங்கள்ல நிறைய பேர் 3-லேந்து 5-க்குள்ளயே வச்சுக்கிறாங்க. 2000 மீட்டர்ல சக்தி முக்கால்வாசி ஏரோபிக்காத்தான், அதாவது ஆக்சிஜன வச்சுத்தான் வருது, அதனால பேச்சு திணறாத வேகத்துல நீளநீளமா ஓட்டுறதுதான் அடிப்படை.

கேள்வி: நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து நேரா மெஷின்ல உக்காரலாமா?

பதில்: தூங்குங்க. தூங்கி எழுந்து மெதுவா ஒரு அரை மணி நேரம் வேணா ஓட்டுங்க. இன்டர்வல் (வேகமா கொஞ்சம், ஓய்வு கொஞ்சம்னு மாத்தி மாத்தி ஓட்டுறது), டைம் ட்ரையல் (முழு வேகத்துல ஓட்டி நேரம் பாக்குறது) எல்லாம் லீவு நாளைக்கு. களைப்புல முதல்ல கெடுறது ஃபார்ம், அதாவது ஓட்டுற முறை, ஃபார்ம் கெட்டா இடுப்பு முதுகும் விலா எலும்பும் அடி வாங்கும், ரோயர்ஸுக்கு விலா எலும்புல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்து வர்ற கீறல்) வர்றது சகஜம்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

கேள்வி: எனக்கு 44 வயசு, நானும் டாக்டர்தான். காலம் போயிடுச்சா?

பதில்: எங்க போச்சு? இந்த விளையாட்டுல வயசு வாரியா, எடை வாரியா தனித்தனிப் பிரிவும் தனித்தனி ரெக்கார்டும் உண்டு. எடை கம்மியான லைட்வெயிட் பிரிவுன்னா ஆண்களுக்கு 75 கிலோ வரைக்கும், பெண்களுக்கு 61.5 கிலோ வரைக்கும். பாஸ்டன்ல 1980-களோட ஆரம்பத்துல கிராஷ்-பிங்கற இண்டோர் ரோயிங் போட்டியத் தொடங்கி வச்சவங்களே பழைய ரோயர்ஸ்தான், ஜெயிச்சவங்களுக்கு ஒரு சுத்தியலக் கையில குடுப்பாங்க. இண்டோர் ரோயிங்குக்கு உலக சாம்பியன்ஷிப்ங்கற பேர்ல 2018-லேந்து தனியாவே ஒரு போட்டி நடக்குது. சொல்லப்போனா படிப்பு, ரெசிடென்சி எல்லாம் முடிஞ்சு டியூட்டி நேரம் ஓரளவு உங்க கைக்கு வர்றதே நாப்பதுக்கு மேலதான், அதனால ஒரு டாக்டருக்கு நல்ல டைமே இப்பதான்னு நான் சொல்வேன்.

ஒண்ணு மட்டும். நியூசிலாந்து ரோயர் ராப் வாடல் 2008-ல மெஷின்ல 2000 மீட்டர 5 நிமிஷம் 36.6 செகண்ட்ல ஓட்டின ரெக்கார்ட 2018-ல ஆஸ்திரேலியாவோட ஜோஷ் டங்க்லி-ஸ்மித் 5:35.8 ஓட்டுற வரைக்கும் யாராலயும் தொட முடியல. அந்த வாடலுக்கே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத் துடிப்பு தாறுமாறா ஆகுறது) தொந்தரவு இருந்துச்சு. வருஷக்கணக்கா எண்டூரன்ஸ் (நீண்ட நேரம் தாக்குப் பிடிக்கிற) பயிற்சி பண்றவங்களுக்கு அது கொஞ்சம் அதிகமாவே வருது. பேஷன்ட் வந்து படபடப்புன்னு சொன்னா உடனே ஈசிஜி எழுதுற நீங்க உங்களுக்கு வந்தா "டீ ஜாஸ்தி குடிச்சுட்டேன் போல"ன்னு விட்டுடுவீங்க, டாக்டருங்க எல்லாருமே அப்படித்தான். மொதல் 2000 டைம் ட்ரையலுக்கு முன்னாடி வேற ஒரு டாக்டர்கிட்ட செக்கப் பண்ணிக்கங்க, ரெண்டு மூணு மாசம் மெதுவா அடிப்படை போடுங்க, அப்புறமா போட்டிக்குப் பேர் குடுங்க.